குளிர்ந்த துணையைக் கண்டுபிடிக்க ஐஆர்டிஎஃப் நிறமாலைத் தொகுப்பு

எங்கள் துறையில் பெரிய தொலைநோக்கி கிடையாது. எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு புராஜெக்ட் கொடுக்க, இலவசமாகக் கிடைப்பதில் எது தேறும் என்று தேடுவதுதான் என் வேலை. அப்படித் தேடியதில் யோசிக்காமல் கையில் கொடுப்பது, ஐஆர்டிஎஃப் என்ற நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் எடுத்த விண்மீன் நிறமாலைகளின் தொகுப்பு.

ஹவாயின் மௌனா கேயா மலையில் இருக்கும் அந்த 3 மீட்டர் தொலைநோக்கியில், ஸ்பெக்ஸ் என்ற கருவியால் எடுத்தவை இவை. ரேனர், குஷிங், வாக்கா மூவரும் 2009-இல் வெளியிட்டார்கள். 210 குளிர்ந்த விண்மீன்கள், 0.8 முதல் 5 மைக்ரான் வரை. கோப்பைத் திறந்தால் மூன்றே நிரல்கள்: அலைநீளம், ஒளிப்பாயம் (வந்து சேரும் ஒளியின் அளவு), பிழை. எக்செல்லிலேயே வரைந்துவிடலாம்.

நாங்கள் இதைப் பயன்படுத்துவது எஸ்எஸ் சிக்னி மாதிரியான இரட்டை விண்மீன்களுக்கு. அங்கே ஒரு வெண்குள்ளனும் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய எச்சம்), அதன் துணையாக, சூரியனைவிடக் குளிர்ந்த ஒரு கே வகை விண்மீனும் 6.6 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகின்றன. துணையிடமிருந்து உருவிய வாயு வெண்குள்ளனைச் சுற்றித் தட்டாகி, நீல ஒளியில் துணையை அமுக்கிவிடுகிறது. 2 மைக்ரான் பக்கம் போனால் துணையின் உறிஞ்சல் கோடுகள் தெளிவாகத் தலைகாட்டும்: 2.21-இல் சோடியம், 2.26-இல் கால்சியம், 2.29-இல் கார்பன் மோனாக்சைடு பட்டை.

ஆனால் தட்டின் ஒளியும் கலந்திருப்பதால், தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி எல்லாக் கோடுகளும் நீர்த்துத்தான் வரும். வெறும் கோட்டின் ஆழத்தை வைத்துத் துணை எந்த வகை என்று சொன்னால் தப்பாகிவிடும். இங்கேதான் இந்தத் தொகுப்பு காசு கொடுத்தாலும் தகும் என்று தோன்றுகிறது. நிறமாலையின் இயல்பான சரிவைத் தட்டையாக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பிரகாசத்தையும் 2மாஸ் என்ற அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் அளவீடுகளோடு பொருத்தியிருக்கிறார்கள். அதனால் ஒரு கே5 (கே வகையின் ஓர் உள்வகை) கோப்பை எடுத்து, தட்டுக்காக ஒரு வழவழப்பான சரிவைக் கூட்டி, எந்த விகிதத்தில் பொருந்துகிறது என்று பார்க்கலாம். இரண்டுமே குளிர்ந்த விண்மீன்களான ஜோடி என்றால் இன்னும் சுலபம். தூரத்தைச் சமப்படுத்திவிட்டு இரண்டு கோப்புகளைக் கூட்டினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு உள்வகைக்கும் குறுமீன்கள் (சூரியனைப் போல இன்னும் பெருத்துவிடாத விண்மீன்கள்) ஒன்றோ இரண்டோதான். கே-யைவிடக் குளிர்ந்த எம் வகையில், எம்6-க்கு நான் போடுவது வுல்ஃப் 359 என்ற விண்மீன். அதுவோ அடிக்கடி திடீரெனப் பிரகாசமாகிச் சீறும் ரகம். 1.4, 1.9 மைக்ரான் அருகே பூமியின் நீராவி மறைக்கிறது. எம் வகையின் சொந்த நீராவிப் பட்டைகளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன, என்ன செய்ய! ஓரங்களை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

பெரிய சிக்கல் வேறு. தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் சூரியனை ஒத்த வேதிச் சேர்க்கை கொண்ட சாதாரண விண்மீன்கள். இந்த இரட்டைகளின் துணைகள் அப்படி இருப்பதில்லை. யு ஜெமினோரம் என்ற இன்னொரு இரட்டையின் எம்4 துணையில் கார்பன் மோனாக்சைடு இருக்க வேண்டியதைவிட வலுக்குறைவு. அந்தப் பட்டையை நம்பினால் துணை உண்மையைவிடச் சூடானது என்று விடை வரும். அதனால் முதல் சுற்றில் 2.29-க்கு மேல் உள்ளதை மறைத்துவிட்டு, சோடியம், கால்சியம், நீராவியால் வளையும் சரிவு ஆகியவற்றை மட்டும் பொருத்தச் சொல்கிறேன். அப்புறம் திரையை விலக்கினால், கார்பன் எவ்வளவு குறைவு என்பது தானாகத் தெரியும்.

2017-இல் வந்த இத்தொகுப்பின் விரிவாக்கத்தில் 284 விண்மீன்கள், உலோக அளவிலும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) நல்ல பரவல். ஆனால் 2.5 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அது போதும். இருந்தாலும் கார்பன் மட்டும் குறைந்த குறுமீனை அதிலும் எதிர்பார்க்க முடியாது. அதற்குக் கணினி மாதிரி நிறமாலைகளைத்தான் நாட வேண்டும்.