டிசம்பர்ல திருகோணமலை பேக்கேஜா? பணம் கட்டும் முன் படியுங்கள்

அரையாண்டு விடுமுறைக்குத் திருகோணமலை போகலாம் என்று சென்னையில் பேக்கேஜ் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

தி.நகர் டிராவல்ஸ் ஒன்று. நிலாவெளியில் கடலோர ஹோட்டல், புறாத்தீவுக்குப் படகு, பவளப்பாறை மேல் மூச்சுக்குழாய் மாட்டி நீந்தும் ஸ்நார்க்கெலிங் என்று படம் படமாகக் காட்டினார்கள். கோணேஸ்வரம் சிவன் கோயில் இருக்கும் மலைக்குக் கீழே கடலில் கிடக்கும் பழைய கோயில் தூண்களைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம் என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

போய் இறங்கினால் விடாத மழை. கடல் கலங்கிக் கிடக்கிறது, ஒரு படகும் இறங்கவில்லை. "இது மாரி காலம் ஐயா, வைகாசிக்குப் பிறகு வாங்கோ. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?" என்று கேட்டார் ஒரு படகுக்காரர். சென்னைக்குப் போன் போட்டால், "இயற்கைக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்கிறார்கள்.

திடீர்ப் புயல் என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இது வடகிழக்குப் பருவமழை. சென்னையை நனைக்கும் அதே மழைதான் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பெய்கிறது. அங்கே கடல் அடங்கித் தண்ணீர் தெளிவது மே முதல் செப்டம்பர் வரை. வருஷா வருஷம் இலங்கை டூர் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே விற்றிருக்கிறார்கள். அந்தத் தூண்கள் விஷயமும் பொய். 1956ல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்த இடிபாடுகளைக் கண்டது கடலுக்குள் மூழ்கித்தான்.

எனக்கு ஆறவே ஆறாதது அம்மா விஷயம். சம்பந்தர் பாடிய தலம் என்று எத்தனையோ காலமாக ஆசைப்பட்டவர். கோயிலுக்குக் கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். 1622ல் போர்த்துகீசியர் இடித்த பழைய கோயிலின் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை அது. வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. அம்மா நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். இருட்டுவதற்குள் கண்டிக்குக் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். சன்னதியிலும் அதே கதை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த நேர அட்டவணை அப்படி. ஆனால் பில்லில் 'கோட்டை, கோயில் நுழைவுக் கட்டணம்' என்று ஒரு தொகை! அங்கே எங்களிடம் யாரும் டிக்கெட்டே கேட்கவில்லை.

போகிறவர்கள் ஹோட்டல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். எங்களை நிலாவெளி என்று சொல்லி டவுனுக்குள் தங்க வைத்தார்கள். படகு போகாவிட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். டிசம்பரில் கடலில் இறங்கத்தான் வேண்டும் என்றால் இலங்கையின் தென்மேற்குக் கரையைக் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு; கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நாங்கள் போட்டுவிட்டோம்.