அமெரிக்க பிரைமரி: ஓட்டு ஒன்றுதான், மதிப்பு ஊருக்கு ஊர் வேறு

மதிப்பெண்: 5-க்கு 2.5

பிரைமரி என்பது, அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மாநிலம் மாநிலமாக நடக்கும் வாக்கெடுப்பு. முதலில் பாராட்டு. 1968-ல் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார். மாநிலக் கட்சித் தலைவர்கள் கைகாட்டினார்கள், மாநாடு தலையாட்டியது. சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தடியடி, உள்ளே கூச்சல். அந்த அவமானத்துக்குப் பிறகு அமைந்த மெக்கவர்ன்-ஃபிரேசர் குழு விதிகளை மாற்றி எழுதியது. 1972-லிருந்து, வாக்காளர் போடும் ஓட்டுதான் வேட்பாளரைத் தீர்மானிக்கிறது. குறை எதைச் சொன்னாலும் அதற்கு முன்பிருந்த நிலையை மறக்காமல் சொல்ல வேண்டும் என்பதால் இந்த மதிப்பெண்.

"ஓட்டையே மாற்றி எண்ணுகிறார்கள்" என்ற புகார்தான் அதிகம் கேட்கிறது. கோளாறு அங்கே இல்லை. ஓட்டு விழுந்த பிறகு அது டெலிகேட்டாக, அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதியாக, மாறும் கணக்கிலும், எந்த மாநிலம் எந்தத் தேதியில் ஓட்டுப் போடுகிறது என்பதிலும்தான் இருக்கிறது.

ஜனநாயகக் கட்சியின் கணக்கு, மேலோட்டமாகப் பார்த்தால், நியாயமானது. எல்லா மாநிலங்களிலும் ஒரே விதி: 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு, வாங்கிய ஓட்டின் விகிதப்படி டெலிகேட்டுகள். தாண்டாதவருக்குப் பூஜ்யம். டெலிகேட்டுகளில் பெரும்பகுதி மாநில மொத்தத்தை வைத்துப் பிரிக்கப்படுவதில்லை. தொகுதி தொகுதியாகப் பிரிக்கப்படுகிறது. சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட்டுகள், இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-க்கு 40 என்று ஜெயித்தாலும் பங்கு 2.4, 1.6. முழு எண்ணாக்கினால் ஆளுக்கு இரண்டு. இருபது சதவீத வித்தியாசத்துக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. 3-1 என்று வாங்க 62.5 சதவீதம் வேண்டும். பக்கத்துத் தொகுதியில் 5 டெலிகேட்டுகள் என்றால், 50-ஐ ஒரு மயிரிழை தாண்டினாலே 3-2. ஆக, இரட்டைப்படைத் தொகுதியில் உழைப்பது வீண், ஒற்றைப்படைத் தொகுதியில் நூறு ஓட்டுக்கூடத் தங்கம். 2008-ல் நெவாடாவில் ஹிலாரி கிளிண்டன்தான் முன்னணியில் இருந்தார்; ஆனாலும் அன்றைய கணக்கில் ஒபாமாவுக்கு 13 டெலிகேட்டுகள், அவருக்கு 12. ஒபாமா அணி இந்த எண்கணிதத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. எதிரணி போடவில்லை.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மார்ச் நடுப்பகுதிக்கு முன் பெரும்பாலும் விகிதாசாரம், அதன் பிறகு முதலிடம் பிடித்தவருக்கே மொத்தமும் என்று வைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. தென் கரோலைனாவுக்கு இந்தத் தேதிக் கட்டுப்பாட்டில் விதிவிலக்கு இருந்தது. 2016-ல் அங்கே டிரம்ப் வாங்கியது சுமார் 32.5 சதவீதம். டெலிகேட்டுகள்? ஐம்பதுக்கு ஐம்பது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாருக்கோ போட்ட ஓட்டுக்கு ஒரு டெலிகேட்கூட இல்லை. ஆறு பேர் நிற்கும் களத்தில் இந்த விதி, ஓட்டைப் பிரித்துக்கொண்டவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை. போட்டி சீக்கிரம் முடிந்துவிடும் என்பது கட்சி சொல்லும் நியாயம், முடிகிறதுதான், மறுப்பதற்கில்லை. அதே ஆண்டு கொலராடோவில் குடியரசுக் கட்சி பொது வாக்கெடுப்பே நடத்தாமல் மாநாடுகள் வழியே டெலிகேட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. களத்தில் இறங்கி வேலை பார்த்த டெட் குரூஸ் 34-ஐயும் அள்ளிக்கொண்டார். டிரம்ப் கத்தினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் புகாரில் நியாயம் இருந்தது, விதி முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்றாலும்.

சூப்பர் டெலிகேட் என்பது ஜனநாயகக் கட்சியின் கண்டுபிடிப்பு. எம்பிக்கள், ஆளுநர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோர் யார் ஓட்டும் இல்லாமல் மாநாட்டில் ஓட்டுப் போடலாம். 1984-லிருந்து இருக்கிறது. 2016-ல் எழுநூறுக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலோர் கிளிண்டன் பக்கம். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் இதனால்தான் தோற்றோம் என்பார்கள். மக்கள் ஓட்டால் கிடைத்த டெலிகேட்டுகளிலும் கிளிண்டன்தான் முன்னணி, எனவே அது முழு உண்மை இல்லை. ஆனால் தொலைக்காட்சிகள் முதல் நாளிலிருந்தே சூப்பர் டெலிகேட்டுகளையும் சேர்த்துக் கூட்டிக் காட்டின. ஓட்டுப் பதிவு தொடங்கும் முன்பே ஒருவர் நூற்றுக்கணக்கில் முன்னணி என்று திரையில் தெரிந்தால், எதிராளிக்குப் பணம் கொடுக்கவும் ஆள் யோசிப்பான். சாண்டர்ஸுக்கு எதிரான கட்சித் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் கசிந்து, தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் விலக வேண்டியதாயிற்று. 2018-ல் விதியைத் திருத்தினார்கள்: முடிவு தெரியாத போட்டியில், முதல் சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டு கிடையாது. நல்ல திருத்தம். இந்த மதிப்புரையில் அரை மதிப்பெண் அதற்காகவே.

இனி காக்கஸ், அதாவது சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதில் கட்சிக்காரர்கள் நேரில் கூடித் தேர்வு செய்யும் கூட்டம். இதற்கு மதிப்பெண்ணே கிடையாது. குளிர்கால இரவில், குறித்த நேரத்தில், பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலயத்திலோ நேரில் போய் நிற்க வேண்டும். இரவு ஷிஃப்ட் செவிலியர், கைக்குழந்தைக்காரி, சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லோரும் வெளியே. எண்ணிக்கையாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2012-ல் அயோவாவின் குடியரசுக் கட்சி காக்கஸில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து சான்டோரம் 34 ஓட்டு முன்னணி என்றார்கள். எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கு கிடைக்கவே இல்லை. கடைசியில் தேசிய மாநாட்டில் அயோவா டெலிகேட்டுகளில் பெரும்பாலோர் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? மூன்றாவதாக வந்த ரான் பாலுக்கு! 2020-ல் அதே அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் முடிவு அனுப்பப் புதிய செயலி ஒன்றை நம்பினார்கள். செயலி பாதித் தகவலை மட்டும் அனுப்பியது. மாற்று ஏற்பாடாக வைத்த தொலைபேசி எண்ணில் இணைப்பு கிடைக்காமல் பொறுப்பாளர்கள் காத்துக் கிடந்தார்கள். மக்கள் ஓட்டில் சாண்டர்ஸ் முதலிடம், டெலிகேட் கணக்கில் புட்டிஜெஜ் முதலிடம். நான்கு ஆண்டு கழித்து அங்கே ஜனநாயகக் கட்சி தபால் ஓட்டுக்கு மாறியது.

நாட்காட்டி எல்லாவற்றையும்விடப் பெரிய அநீதி. நியூ ஹாம்ப்ஷயரில் மாநிலச் சட்டமே தன் பிரைமரி மற்ற மாநிலங்களுக்கு ஏழு நாளாவது முன்னதாக நடக்க வேண்டும் என்கிறது. 2008-ல் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் வரிசையை உடைத்து முந்தப் பார்த்தன. டெலிகேட்டுகளைப் பறித்தது கட்சி, பிறகு பாதி ஓட்டு கொடுத்தது, கடைசியில் மாநாட்டில் முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. நடுவழியில் விதி மாறினால் யார் நம்புவார்கள்?

கடைசியில் ஓட்டுப் போடுபவர்கள் நிலை இன்னும் மோசம். 2016-ல் கலிஃபோர்னியா ஜூன் 7-ல் வாக்களித்தது. கிளிண்டன்தான் வேட்பாளர் என்று ஏபி செய்தி நிறுவனம் அதற்கு முந்தைய நாளே அறிவித்துவிட்டது. 2024-ல் பைடன், டிரம்ப் இருவருக்கும் தேவையான எண்ணிக்கை மார்ச் 12-லேயே சேர்ந்துவிட்டது. நியூஜெர்சிக்காரர்கள் ஜூன் 4-ல் போட்ட ஓட்டு வெறும் சடங்கு. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரிசையைச் சுழற்றலாம் என்று, மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் அரசு அதிகாரிகளான மாநிலச் செயலாளர்களின் தேசிய சங்கம் 1999-லேயே திட்டம் கொடுத்தது. இரண்டு கட்சிகளும் ஐம்பது மாநிலச் சட்டமன்றங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அது கிடப்பில் கிடக்கிறது.

2024-க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பைடன் ஜூலை 21-ல் விலகினார். பிரைமரியில் அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெலிகேட்டுகள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையவழி வாக்கெடுப்பில் கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்கள் இருக்கலாம். ஆனால் 2020 போட்டியில் முதல் ஓட்டு விழும் முன்பே விலகியவர் அவர், 2024-ல் அதிபர் வேட்பாளராகப் பிரைமரியில் நிற்கவும் இல்லை. விதிமீறல் எதுவும் நடக்கவில்லை. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் டெலிகேட்டுகளுக்கான விதி சொல்கிறது. வேட்பாளரே விலகினால் அவர்கள் கையில் முடிவு. அவசரத்துக்கு மாநாடு என்ற பழைய கருவி இன்னும் வேலை செய்கிறது என்று இதைப் பார்க்கிறோம். வாக்காளரிடம் கேட்கப்படவில்லை என்ற குறையும் அதே அளவுக்கு உண்மை.

புதிதாகக் குடியுரிமை பெற்று 2028-ல் முதல்முறை பிரைமரியில் ஓட்டுப் போடப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். நியூயார்க் மூடிய பிரைமரி: கட்சியில் பதிவு செய்திராவிட்டால் ஓட்டு இல்லை. 2016-ல் அங்கே கட்சி மாற்றக் கடைசித் தேதி, ஏப்ரல் தேர்தலுக்கு முந்தைய அக்டோபர். டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். இப்போது பிப்ரவரி 14 வரை நேரம் தருகிறார்கள். டெக்சஸில் கட்சிப் பதிவே இல்லை, வாக்குச்சாவடியில் ஒரு கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். கலிஃபோர்னியாவில் கட்சி சாராதவராகப் பதிந்தால், தபாலில் வரும் சீட்டில் அதிபர் போட்டியே இருக்காது; ஜனநாயகக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், கடந்த தேர்தல்களில் குடியரசுக் கட்சி அதையும் அனுமதிக்கவில்லை. அங்கே "அமெரிக்கன் இன்டிபெண்டன்ட்" என்ற கட்டத்தில் டிக் அடித்தால் சுயேச்சை ஆகிவிட மாட்டீர்கள், அது தனி வலதுசாரிக் கட்சி. தபால் ஓட்டை முதல் வாரத்திலேயே அனுப்பும் அவசரமும் வேண்டாம்: 2020-ல் பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த மார்ச் 3 'சூப்பர் செவ்வாய்'க்கு முந்தைய இரண்டு நாளில் புட்டிஜெஜும் குளோபுஷாரும் விலகினார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே போட்ட ஓட்டு பெரும்பாலான மாநிலங்களில் மாற்ற முடியாமல் வீணானது. அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் ஜனநாயகக் கட்சியினர் அந்த ஆண்டு ஒருவருக்குப் பதில் பலரை 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் சீட்டு கொடுத்ததால் அங்கே அந்த இழப்பு இல்லை. உங்கள் மாநிலத்தில் அது இல்லாவிட்டால், சீட்டைக் கடைசி வாரம் வரை வைத்திருந்து, தபாலுக்குப் பதில் அதற்கென வைத்த பெட்டியிலோ தேர்தல் அலுவலகத்திலோ நேரில் சேருங்கள்.