வேலை சுத்தம்தான், மரக்கம்பு எங்கே?

தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாடிகளைப் பிரித்துப் பூட்டித் தரும் சின்ன லேத்து பட்டறை ஒன்று கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில் இருக்கிறது. முப்பந்தலில் கரண்டுக்காகச் சுற்றும் மூன்று இறக்கை ரகம் அல்ல, கிணற்றடியில் நிற்கும் 18 தகட்டுக் காற்றாடி. இங்கே பார்ப்பது அவர்கள் சரிசெய்த ஏர்மோட்டார் 702, 8 அடிச் சக்கரம். அமெரிக்க மாடல். 1933 முதல் அடிப்படை மாறாததால் பழையதற்குப் புது உதிரி பொருந்தும்.

கியர் பெட்டி வேலைக்கு முழு மார்க். உள்ளே பினியன் எனும் சின்னப் பல்சக்கரம் இரண்டு, பெரிய பல்சக்கரம் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சுமை இரண்டு பக்கமும் சமமாக விழாது, புதுப் பல்லும் சீக்கிரம் தேயும். இவர்கள் ஜோடியாகவே மாற்றியிருக்கிறார்கள். பால் பேரிங்கைத் திணிக்காமல் பழையபடி பாபிட் எனும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றியிருப்பது இன்னும் நல்லது. சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. ஒரே தகடு திரும்பத் திரும்ப அடியில் வந்து நின்றால் எடை ஒரு பக்கம் கூடுதல் என்று அர்த்தம்.

கோளாறு பெட்டிக்குக் கீழேதான். பெட்டியிலிருந்து பம்புக்கு இறங்கும் மரக்கம்பை எடுத்துவிட்டு ஜி.ஐ. பைப் போட்டிருக்கிறார்கள், 'இதுதான் ஸ்ட்ராங்' என்று. அங்கே மரம் வைத்ததே முதலில் அது உடையட்டும் என்றுதான். மணல் ஏறி பம்பு இறுகினால் மரக்கம்பு முறியும், செலவு அதோடு முடியும். பைப் முறியாது, மேலே பல்தான் போகும். முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் மரக்கம்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வால் ஸ்பிரிங்கிலும் இதே கதை. சக்கரம் கம்பத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். காற்று மணிக்கு 40 கி.மீ. வாக்கில் போகும்போது அது தானே ஒதுங்கி வாலோடு மடங்க வேண்டும். தண்ணீர் கூட வரட்டும் என்று ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டார்கள். ஆடிக்காற்றில், அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயில், இது தகட்டைப் பிய்த்துவிடும். ஒப்படைக்கும்முன் அடியிலுள்ள கம்பியை இழுத்துச் சக்கரம் முழுக்க மடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சு சுமார். வெள்ளிப் பெயிண்ட் அகஸ்தீஸ்வரம் பக்கத்து உப்புக்காற்றுக்குத் தாங்காது, தகட்டின் மடிப்பில் முதலில் துரு பிடிக்கும். துத்தநாகக் குளியல் கொடுத்தால்தான் நிற்கும்.

தண்ணீர்க் கணக்கு: இரண்டரை அங்குல சிலிண்டர், ஏழேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் ஸ்ட்ரோக், அதாவது கம்பு ஒருமுறை ஏறும் தூரம். ஒரு ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 0.6 லிட்டர். நிமிடத்துக்கு 30 ஸ்ட்ரோக் விழுந்தால் மணிக்கு ஆயிரம் லிட்டர் பக்கம் வரும். சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்திருந்தால் சக்கரம் ஜோராகச் சுற்றும், தொட்டிதான் நிறையாது. புது வாஷரை ஊறவைத்துத்தான் போட வேண்டும், காய்ந்தபடி போட்டால் விளிம்பு கிழியும். கியர் பெட்டிக்கு எண்ணெய், டிடர்ஜென்ட் கலக்காத எஸ்.ஏ.இ. 10 எனும் மெல்லிய ரகம், வருடம் ஒருமுறை, வைகாசிக் காற்று கிளம்பும்முன்.

கல்குளம், விளவங்கோடு தென்னந்தோப்புக்காரர்கள் இந்தப் பட்டறைக்கு அலைய வேண்டாம். சுற்றிலும் 400 அடி தூரத்துக்குள் எது நின்றாலும் அதைவிட 15 அடி உயரத்தில் சக்கரம் இருக்க வேண்டும். 60 அடித் தென்னைக்கு நடுவே 40 அடிக் கோபுரம் நட்டால் குருவிதான் உட்காரும். அந்தப் பணத்துக்கு சோலார் பம்பு வாங்கிப் போடலாம்.