பேடல்ல பின்னாடி மாட்டிக்கிட்டா லாபா, சிக்கிட்டாவா, ஓங்கி அடிக்கிறதா?

பேடல்னா கண்ணாடிச் சுவர் வச்ச கோர்ட்ல ரெண்டு ரெண்டு பேரா ஆடுற ராக்கெட் ஆட்டம். எதிர்ல ரெண்டு பேரும் நெட்டுகிட்ட வந்து நிக்கிறாங்க, நீங்க பின்கண்ணாடிகிட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. பேடல்ல நிறைய பாயின்ட் இந்த நிலைமைலதான் முடிவாகுது.

டென்னிஸ் ஆடிட்டு வர்றவங்க கை தானா ஓங்கி அடிக்கத்தான் போகும். ஆனா கோர்ட்டே மொத்தம் 20 மீட்டர்தான், நீங்க எவ்ளோ வேகமா அடிக்கிறீங்களோ அதே வேகத்துல வாலியா, அதாவது தரைல குத்துறதுக்கு முன்னாடியே அவங்க அடிச்சு, திரும்பி வந்துடும், நீங்க இன்னும் நிமிர்ந்துகூட இருக்க மாட்டீங்க. எனக்கு இது சுத்தமா பிடிக்காது.

சிக்கிட்டா வேற ரகம். மெதுவா நெட்டைத் தாண்டி அவங்க கால்கிட்ட இறக்குறது. நெட் ஓரத்துல 92 சென்டிமீட்டர், நடுவுல 88தான், அதனால நடு வழியா விடுறது நல்லது. ஆனா அவங்க நெட்டை ஒட்டி நின்னா பந்து இறங்குறதுக்குள்ள அடிச்சிடுவாங்க.

அப்பதான் லாப், அதாவது அவங்க தலைக்கு மேல உயரமா தூக்கி விடுறது. நான் எப்பவும் முதல்ல தேடுறது இதைத்தான். இது பாயின்ட் எடுக்குற ஷாட் இல்லங்க, இடத்தைப் பிடுங்குற ஷாட். பந்து கண்ணாடில பட்டு வரட்டும், முட்டி மடக்கி கீழ இறங்கி, ராக்கெட் முகத்தை மேல பார்க்க வச்சு தள்ளுங்க, மணிக்கட்டை ஆட்டாதீங்க. எதிராளியோட பேக்ஹேண்ட் தோள் மேல போய், பின்கண்ணாடிக்கு ஒரு ரெண்டடி முன்னாடி குத்தினா அது கண்ணாடில பட்டு பெருசா முன்னாடி வராது, அவங்க திரும்பி ஓடணும், நீங்க ரெண்டு பேரும் அப்படியே நெட்டுக்கு நடந்து போயிடலாம். உங்க பார்ட்னரும் கூடவே சேர்ந்து வரணும், ஒருத்தர் மட்டும் போனா நடுவுல ஓட்டை.

ஆபத்து ஒண்ணுதான், குட்டையா விழுறது. சர்வீஸ் கோடு நெட்ல இருந்து 6.95 மீட்டர், அதுக்கு முன்னாடி விழுற மாதிரி போட்டா தலைக்கு மேல ஓங்கி ஒரு ஸ்மாஷ்தான், பந்து தரைல குத்தி பக்கவாட்டு 3 மீட்டர் வேலியைத் தாண்டி வெளிய போயிடும். மத்தியான வெயில்ல பந்து நல்லா துள்ளும், அப்ப இது இன்னும் மோசம். குளிர்ற ராத்திரில பந்து செத்துப் போய் வரும், அப்ப தாராளமா லாப் போடுங்க.

அர்ஜென்டினா பேடல் வீரர் ஃபெடே சிங்கோட்டோவைப் பாருங்க, உயரம் கம்மி, ஆனா லாப்லயே பெரிய ஆளுங்களைப் பின்னாடி ஓட விடுவாரு. ரெண்டு லாப் வாங்கினவங்க மூணாவதுக்கு பயந்து ஓரடி பின்னாடி நிப்பாங்க, சிக்கிட்டாவுக்கு அந்த ஓரடி போதும்.