மார்கழிக் காபி: சபா கேண்டீனா, காபி ஷாப்பா?

அரையாண்டு விடுமுறை விட்டு, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவினர்கள் வந்திறங்கும் டிசம்பர் இறுதியில், சென்னை வீடுகளில் மாலை நான்கு மணிக்குத் தவறாமல் எழும் கேள்வி, காபிக்கு எங்கே போவது என்பதுதான். ஒரு பக்கம், இசை விழாவை ஒட்டிச் சில வாரங்களுக்கு மட்டும் களைகட்டும் சபா கேண்டீன்கள். மறுபக்கம், கிறிஸ்துமஸ் மரமும் சிவப்புக் கோப்பையுமாகத் தம்மை அலங்கரித்துக்கொள்ளும் காபி ஷாப்கள். இரண்டிலும் பல டிசம்பர் மாலைகளைக் கழித்தவன் என்ற முறையில், இவற்றை ஒப்பிட்டுச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

முதலில் காபி. ஃபில்டரில் வெந்நீர் தூளின் வழியே தானாக, சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அவசரப்படுத்தினால் டிகாஷன் நீர்த்துவிடும். கேண்டீனில் கூட்டம் ஓயாததால் டிகாஷன் ஆறிப் பழசாக வழியில்லை, பாலும் அடுப்பை விட்டு இறங்குவதில்லை. சென்ற ஆண்டு மாஸ்டர் காபி கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்: வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் சர்க்கரை, அதன்மேல் கள்ளிச்சொட்டாக இரண்டு விரற்கடை டிகாஷன், பிறகு கொதிக்கும் பால்; கடைசியில் நுரையின் நடுவே இன்னும் கொஞ்சம் டிகாஷனை விட்டபோது, ஒரு பழுப்பு வட்டம் மெல்ல விரிந்து நின்றது. “ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மியா” என்று சொன்னால் அவர் தலைகூட நிமிர்வதில்லை. ஆனால் கேட்டபடியே வந்துவிடுகிறது.

பெரிய கச்சேரி ஒன்று விட்டவுடன் கூட்டத்தில் நின்று, இரண்டாம் டிகாஷன் கலந்த காபியை வாங்கி நான் ஏமாந்ததும் உண்டு. காபி ஷாப்பில் அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. எஸ்பிரெஸோ இயந்திரம் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 நொடிகளுக்குள் காபியை இறக்கிவிடுவதால், காலையிலும் இரவிலும் ருசி பெரிதாக மாறுவதில்லை. ஆனால் பண்டிகைக்கென்று வரும் டாஃபி நட் லாட்டே போன்றவற்றில் சிரப்பின் இனிப்பு காபியை மூடிவிடுகிறது; அங்கே போனால் சாதாரண காபுச்சினோ கேட்பதே நல்லது.

விலையை விரித்துப் பேச வேண்டியதில்லை: ஒரு பெரிய லாட்டேக்குக் கொடுக்கும் பணத்தில், கேண்டீனில் தோசையும் காபியும் சாப்பிட்டுவிடலாம்.

காபி ஷாப்பில் நாம் கொடுக்கும் பணத்தில் பாதி நாற்காலிக்கு. 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காஃபி டே தன் முதல் கடையை இணைய வசதியோடு திறந்ததிலிருந்தே, உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் இக்கடைகள் விற்கின்றன. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பிய தங்கையோடு நான் இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசியது அப்படிப்பட்ட ஒரு மேசையில்தான். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கேண்டீனில் அது நடக்காது. டபராவை வைத்துக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்துக்குள், காலியாகும் இடத்துக்காக யாராவது பின்னால் வந்து நின்றுவிடுவார்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் பேச்சு வேறெங்கும் கிடைப்பதில்லை. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “தோடியைக் கேட்டேளா? காந்தாரத்துல எவ்வளவு நேரம் நின்னார் பார்த்தேளா?” என்று தொடங்குவார், பக்கத்திலிருக்கும் கல்லூரிப் பெண் அதை மறுப்பாள். கச்சேரிக்குச் சீட்டு வாங்காதவர்களும் கேண்டீனுக்கு வரலாம் என்பதால், சங்கீதமே தெரியாத என் மைத்துனர் போன்றவர்களும் இந்தப் பேச்சுக்குள் இழுக்கப்படுகிறார்கள். காபி ஷாப்பில் கோப்பையின்மேல் நம் பெயரை எழுதித் தருகிறார்கள். அடுத்த மேசைக்காரரோடு நாம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

காபி மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பஜனை கேட்டுவிட்டு, மயிலாப்பூரின் பழைய மெஸ் ஒன்றில் இட்லியோடு குடிக்கும் காபிக்கு மேற்சொன்ன இரண்டும் ஈடாகாது. மாலையில் அது வாய்க்காது என்பதுதான் குறை.

ஆகவே, நெடுநாள் கழித்துச் சந்திப்பவரோடு பேச வேண்டுமானால் காபி ஷாப்புக்கும், மார்கழிச் சென்னையை ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் கேண்டீனுக்கும் போவேன். எனக்கென்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் கேண்டீன்தான்; அதிலும், இலவசமாகக் கேட்கக் கிடைக்கும் பிற்பகல் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் இடைப்பட்ட, வரிசை நீளாத அந்த அரைமணி நேரம். கச்சேரி நடுவே போகாதீர்கள். பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் வழக்கம் மிருதங்கக்காரரின் கண்ணெதிரே வரிசை வரிசையாக நாற்காலிகளைக் காலியாக்குகிறது. எந்தக் காபிக்காகவும் அதை அவருக்குச் செய்யக் கூடாது.