பள்ளிக்கு நான்கு திருவுருவப் படங்கள்: கோவை ஓவியக்கூடம் ஒன்றின் பணி

எங்கள் கத்தோலிக்கப் பள்ளியின் நான்கு மாணவர் இல்லங்களும் நான்கு ஆன்மிகப் பெருமக்களின் பெயரைத் தாங்கியவை. அவர்களுடைய படங்களாக இதுவரை தொங்கிய வெளிறிப்போன நாட்காட்டித் தாள்களை அகற்றிவிட்டு, கையால் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களை மாட்டுவதென்று பெற்றோர் ஆசிரியர் கழகம் முடிவு செய்து, கோவை டவுன்ஹால் பகுதியிலுள்ள ஓர் ஓவியக்கூடத்திடம் பணியை ஒப்படைத்தது. இரண்டுக்கு மூன்றடி அளவில், தேக்குச் சட்டத்துடன் படம் ஒன்றுக்கு 22,000 ரூபாய், பாதி முன்பணம். இது மலிவான விலையன்று. புகைப்படத்தைக் கேன்வாஸில் அச்சிட்டு, அதன்மேல் மெலிதாகத் தூரிகை ஓட்டித் தருவோர் இதைவிட மிகக் குறைவாகவே கேட்பார்கள். ஆனால் பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்தால், வண்ணத்தின் தடிப்பு முகத்தின் மேடு பள்ளத்தோடு சேராமல் தனியே நிற்பது தெரிந்துவிடும்.

இவ்வோவியரிடம் மெச்சத்தக்கது அவர் கேள்வி கேட்கும் பழக்கம். 1846இல் கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென்று வாதிட்டு, பின்னர் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் மறைந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் எங்கள் பட்டியலில் முதலாவது. கொங்கு மண்ணில் ஆயராகப் பணியாற்றியவர் நால்வரில் அவர் ஒருவரே. அவருக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டுமென்று கழகத்தில் சிலர் கேட்டார்கள். ஓவியரோ, அவர் புனிதராக அறிவிக்கப்பட்டவரா என்று முதலில் வினவினார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிகளில் ஒன்றான வணக்கத்துக்குரியவர் என்ற நிலையில் இருப்பவருக்கு ஒளிவட்டம் வரையக்கூடாது என்பதும், திருத்தந்தை எட்டாம் உர்பான் 1625இலேயே இதற்குத் தடை விதித்தார் என்பதும் பங்குத்தந்தை சொன்ன பிறகே எங்களுக்குத் தெரிந்தன. இந்து சமயத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் கேட்ட கேள்வியால் நாங்கள் அதைக் கற்றுக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

நான்கில் சிறந்தது புனித தேவசகாயம் ஓவியம். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட, குருவோ துறவியோ அல்லாத இப்பொதுநிலையினரை விலங்கு பூட்டிய கைகளுடன் முழந்தாளிட்டிருப்பவராகக் காட்டுவதே வழக்கம். ஓவியர் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. எனினும் விலங்கின் இரும்பை விடத் தோள்பட்டையின் களைப்பையே முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவருக்குரிய நிமிர்வு முகத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது. காவியுடையில் நிற்கும் புனித அருளானந்தர், தாம் கொல்லப்பட்ட ஓரியூரின் செம்மண் பின்புலத்தில் நன்றாகவே அமைந்திருக்கிறார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அன்னை தெரேசாவின் ஓவியத்தில்தான் ஏமாற்றம். அவரது முகத்தைப் புகைப்படங்கள் வழியாக உலகமே அறிந்திருப்பதால், ஓவியர் அஞ்சி அஞ்சி, சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தது போலிருக்கிறது, உயிர் குறைவு. புடவைக் கரையில் நீலக்கோடுகள் மூன்று, அவற்றுள் ஒன்று அகலமானது. முதலில் ஒரே பட்டையாகத் தீட்டியிருந்ததை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். கூடுதல் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்ட வேலையை இக்கூடம் வெளியாரிடம் கொடுத்துச் செய்கிறது. அங்கேதான் பணி தளர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் கேன்வாஸ் சற்றே தொய்வது இயல்பு. அதை மீண்டும் இழுத்துவிட உட்சட்டத்தின் மூலைகளில் மர ஆப்புகள் இருக்க வேண்டும். இரண்டு படங்களில் அவை இல்லை, மூலைகள் ஆணியடித்து இறுக்கப்பட்டிருந்தன, கேட்டு மாற்றிக்கொண்டோம். ஒப்படைக்கும் தேதியும் தள்ளிப்போய், படங்கள் இல்லாமலேயே ஆண்டு விழா நடந்து முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், பழைய புகைப்படம் மட்டுமோ, எழுத்துக் குறிப்பு மட்டுமோ கையிலுள்ள பள்ளிகளுக்கு இக்கூடத்தையே பரிந்துரைப்பேன். எல்லோருக்கும் பழகிய முகம் என்றால் வேறிடத்திலும் விசாரிப்பது நல்லது. பணி கொடுக்கும் முன் மூலை ஆப்புகளை ஒப்பந்தத் தாளில் குறிப்பிடச் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணம் உள்ளும் புறமும் காய ஆறு மாதம்போல ஆகும் என்பதால், இறுதி வார்னிஷ் பூச அவர்களே நேரில் வருவார்கள் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கடைசித் தவணையை அதற்கெனக் கொஞ்சம் நிறுத்திவைத்தோம், ஓவியரும் மறுக்கவில்லை.