புக்கிட் மேரா ஏரிக்கரை: ஒரு வருடம் பழகிப் பார்த்தபின் எழுதுகிறேன்

பதினெட்டு வருடம் கிள்ளானில் இருந்துவிட்டு, அம்மாவுக்காகப் போன வருடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பாகான் செராய்க்குக் குடிவந்தேன். ஒரு பக்கம் கிரியான் நெல்வயல், இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டம், காடியில், அதாவது காரில், இருபது நிமிடம் போனால் புக்கிட் மேரா ஏரி. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அங்கே போய்விடுகிறேன். "ஏரி பக்கத்துல வீடு, உங்களுக்கென்ன, குளுகுளுன்னு இருக்கும்" என்று சொந்தக்காரர்கள் போனில் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன்: நேரம் பார்த்துப் போனால் இதைவிட நல்ல இடம் கிடையாது, நேரம் தப்பினால் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது.

தண்ணீர் இருந்தால் குளிர்ச்சி இருக்கும் என்பது நம் ஊர்க் காற்றுக்குச் சரிவராது. பகல் பன்னிரண்டுக்கு 33 டிகிரி வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்து கிடப்பதால் வியர்வை காயவே மாட்டேன் என்கிறது, வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். வந்த முதல் வாரமே இப்படி உச்சி வெயிலில் போய் அம்மாவும் நானும் தலைவலியோடு வீடு திரும்பினோம்.

வழி சொன்னது அம்மாதான். முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடியுமுன் ஆள் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய் நின்று, நெற்றி விளக்கோடு மரம் மரமாகச் சீவி, பால் வடியும் மங்கு வைத்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பாலை எடுத்து வாளியோடு திரும்பிவிடுவார். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய்விடும், அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். "மரத்துக்கே தெரியுது, நமக்குத் தெரிய வேணாமாய்யா, வெள்ளனக் கிளம்பு" என்றார்.

அதிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏரியில் இருப்போம். நம் பக்கம் சூரியன் மேலே வரவே ஏழு தாண்டிவிடும். கிழக்கே பிந்தாங் மலைத்தொடரில் மேகம் படுத்திருக்கும், தண்ணீர் மேல் மெல்லிய பனி, தோமான் மீனுக்குத் தூண்டில் போட்டவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஏரியின் குறுக்கே ரயில் வரும். இரட்டைத் தண்டவாளம் போட்டபோது ஏரிமேல் சுமார் 3.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். பாலத்தின் கீழ்ப்பகுதி பனியில் தெரியாது, பெட்டிகள் மட்டும் தண்ணீர்மேல் ஓடுகிற மாதிரி இருக்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் நாசி லெமாக் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணுவார். பத்து மணிக்குக் கிளம்பிவிடுவோம். மறுபடி போவதென்றால் மாலை ஐந்தரைக்குமேல்தான்.

தண்ணீர் அளவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாந்து போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இது விளையாட்டுக்காக வெட்டிய ஏரி இல்லை. கிரியான் நெல்வயலுக்குப் பாய்ச்சுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் அணை கட்டி, 1906-இல் வேலை முடித்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பருவத்தில் மழையும் பொய்த்தால் கரையிலிருந்து நெடுந்தூரம் சேறுதான். 2016-இல் எல் நினோ வறட்சியின்போது ஏரி எவ்வளவு வற்றியது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வற்றும்போது கரையோரம் அழுகிய புல் வாடை அடிக்கும், படகும் எல்லா இடத்துக்கும் போகாது. ஆனாலும் எனக்கு இதில் குறை இல்லை, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறோம்.

படகுச் சவாரி நல்ல அனுபவம்தான், ஆனால் ஏறுமுன் இரண்டு விஷயம். விலையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை கொடுத்ததில் இடுப்புக் கொக்கி உடைந்திருந்தது. கேட்டதும் "பரவாயில்லை, ஆழம் இல்லை" என்று பதில் வந்தது. நான் இறங்கிவிட்டேன், அம்மாவையும் இறக்கிவிட்டேன். உயிர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேறொரு நாள் வேறொருவர் படகில் போனோம், அவர் எல்லாருக்கும் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் எஞ்சினைத் தொட்டார். ஒராங் ஊத்தான் தீவுக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அங்கே நாம்தான் கம்பிக் கூண்டுப் பாதைக்குள் நடக்க வேண்டும், குரங்குகள் வெளியே மரத்தில் இருக்கும்.

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்குமேல் மலைப்பக்கம் கறுத்தால் உடனே கரையேறிவிடுங்கள். திறந்த தண்ணீரில் இருக்கிற ஆள்தான் மின்னலுக்கு முதலில் அகப்படுவார், கையில் நீளமான தூண்டில் கம்பி வேறு.

இனி என் பெரிய மனக்குறை: நிழல். தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதுவும் வெயில் ஊர்தான், பழைய ஈயக் குட்டைகள்தான், ஆனால் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் கிளையை நீட்டித் தண்ணீரையே தொடுகின்றன, மதியம் இரண்டு மணிக்குக்கூட அங்கே நடக்கலாம். மலாய்க்காரர்கள் அந்த மரத்தை 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம் என்று அர்த்தம். சாயங்காலம் ஆனால் இலையை மடக்கிக்கொள்ளும், மழை வரும்போதும் மடக்கிக்கொள்ளும். அங்கே போயிருந்தபோது அம்மா ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்து, மடிந்துகொண்டிருந்த இலைகளை விரலால் பிரித்துப் பார்த்தார். "கித்தா காட்டுலயும் இப்படித்தான் ஒரே நிழலா இருக்கும்" என்று ரப்பர் தோட்டத்தைச் சொன்னார். வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர், மரம் அப்படி வளர்ந்திருக்கிறது. புக்கிட் மேராவில் அணைமேல் மரம் வைக்க முடியாது, வேர் மண்கரையைத் துளைத்துவிடும், சரி. ஆனால் நாங்கள் வழக்கமாகக் காடி நிறுத்துகிற இடத்திலும், மக்கள் பாய் விரித்து உட்காரும் இடத்திலும் நான்கு மரம் வைக்க என்ன தடை? வைத்து நிழல் விழப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், அதனால்தான் இன்றைக்கே கேட்கிறேன்.

இந்தப் பக்கம் குடிவரலாம் என்று யோசிப்பவர்களுக்கு: வாடகை கிள்ளானைவிடக் குறைவு, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீனும் காய்கறியும் நன்றாகக் கிடைக்கும், ரயில் நிலையம் ஊரிலேயே இருக்கிறது. கொசு உண்டு, ஆறு மணிக்கு ஜன்னல் வலையை மூடிவிட வேண்டும். வீடு பார்க்க மட்டும் காலையில் போகாதீர்கள். நான் அப்படித்தான் போய், மேற்கே பார்த்த மாடியறையை எடுத்துவிட்டேன், ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவர் சுடுகிறது. மாலை நான்கு மணிக்குப் போங்கள், மாடியில் ஏறி மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் முன்பணம் கொடுங்கள்.